நெட்வொர்க் டிரைவரில் பைட் வரிசைப் பிழைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் கெர்னலில் ஈதர்நெட், வைஃபை டிரைவர்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சி மொழி தெரியும், கெர்னலை ஒருமுறையாவது கம்பைல் செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஃபங்ஷன் பெயர்களை நாம் வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன், கோடில் தேடும்போது கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பைட் வரிசை என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1300 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு பாக்கெட்டின் நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஹெக்ஸில் அது 05 14. நினைவகத்தில் 05 முதலில், 14 அடுத்து என்று வைத்தால் பிக் எண்டியன். 14 முதலில், 05 அடுத்து என்றால் லிட்டில் எண்டியன். ஒருவர் ஒரு முறையில் எழுதியதை மற்றவர் எதிர்முறையில் படித்தால் 1300 பைட் பாக்கெட் 5125 பைட்டாகிவிடும். பிழை என்பது மொத்தமே இவ்வளவுதான். ஆனால் இவ்வளவு சின்ன விஷயம் எத்தனை வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது என்பதுதான் தலைவலி.

இந்தப் பெயர்கள் முட்டைச் சண்டையிலிருந்து வந்தவை. முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா சின்ன முனையில் உடைப்பதா என்று அடித்துக்கொள்ளும் மக்களைப் பற்றி ஜோனதன் ஸ்விஃப்ட் 1726-ல் எழுதினார், டேனி கோயன் 1980 ஏப்ரல் 1-ம் தேதி எழுதிய ஒரு குறிப்பில் அந்தச் சண்டையைக் கணினிக்குக் கொண்டுவந்தார். தேதியைப் பார்த்து விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம், உள்ளே இருப்பது உண்மையான சரக்கு.

என் லேப்டாப்பில் டிரைவர் நன்றாகத்தானே ஓடுகிறது? நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

ஓடுவதுதான் பிரச்சினையே. எக்ஸ்86 லிட்டில் எண்டியன், நாம் பார்க்கிற ஆர்ம் பலகைகளும் அநேகமாக எல்லாமே லிட்டில் எண்டியன். அந்த மெஷின்களில் எல்இ32_டு_சிபியு (32 பிட் லிட்டில் எண்டியன் எண்ணை சிபியு வரிசைக்கு மாற்றுவது, எல்இ என்றால் லிட்டில் எண்டியன், பிஇ என்றால் பிக் எண்டியன்) என்று எழுதினால் கம்பைலர் எதுவுமே செய்யாது, இருப்பதை அப்படியே கொடுத்துவிடும். ஆகவே அதை எழுத மறந்தாலும் ஓடும், இரண்டு தடவை எழுதினாலும் ஓடும், தேவையில்லாத இடத்தில் எழுதினாலும் ஓடும். பிஇ பக்கப் பிழை அப்படியல்ல. எச்டிஓஎன்எஸ் (16 பிட் எண்ணை சிபியு வரிசையிலிருந்து நெட்வொர்க் வரிசையான பிக் எண்டியனுக்கு மாற்றுவது) போட மறந்தால் உங்கள் லேப்டாப்பிலேயே அன்றைக்கே தெரிந்துவிடும், ஏனென்றால் அங்கே அது நிஜமாகவே பைட்டைப் புரட்டுகிறது. அதனால் பல வருடம் ஒளிந்திருந்து வெளியே வருகிற பிழைகளில் பெரும்பாலானவை எல்இ பக்கத்துப் பிழைகள்.

யார் இன்னும் பிக் எண்டியன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால்: ஐபிஎம் மெயின்ஃப்ரேமின் எஸ்390எக்ஸ், ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடுகிற ஏடிஎச்79 வகை மிப்ஸ் ரவுட்டர்கள், பழைய பவர்பிசி பலகைகள், ஸ்பார்க். பவர்பிசி சர்வர்கள் பவர்8 காலத்திலிருந்து லிட்டில் எண்டியன் பக்கம் சாய்ந்துவிட்டன, உண்மைதான். ஆனால் பத்து வருடம் முன்னால் வாங்கிய ரவுட்டரின் யுஎஸ்பி துளையில் இன்றைக்குக் கடையில் வாங்கிய ஈதர்நெட் டாங்கிளைச் செருகுகிற ஆள் எங்காவது ஒருவர் இருக்கத்தான் செய்கிறார்.

நெட்வொர்க் என்றாலே பிக் எண்டியன்தானே? எல்லாவற்றுக்கும் எச்டிஓஎன்எஸ் போட்டால் போதாதா?

போதாது, இந்த நம்பிக்கையிலிருந்துதான் பாதிப் பிழைகள் பிறக்கின்றன. ஐபி, டிசிபி, யுடிபி தலைப்புகள் பிக் எண்டியன், 1981-ல் வந்த ஆர்எஃப்சி 791-ன் பிற்சேர்க்கையில் பைட்டுகள் எந்த வரிசையில் கம்பியில் போகும் என்று படம் போட்டே சொல்லியிருக்கிறது. ஆனால் டிரைவர் கையாளுவது அந்தத் தலைப்புகளை மட்டும் அல்ல. பிசிஐ கார்டின் ரெஜிஸ்டரும் டிஸ்க்ரிப்டரும் (பாக்கெட் எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம் என்று சாதனத்துக்குச் சொல்லும் நினைவகக் குறிப்பு) பொதுவாக லிட்டில் எண்டியன். யுஎஸ்பி-யின் செட்டப் பாக்கெட்டும் அதே. ஃபர்ம்வேருக்கு அனுப்பும் கட்டளைகள் அந்தச் சிப்பை வடிவமைத்தவர் மனம்போல.

வைஃபை இன்னும் வேடிக்கை. 802.11 தலைப்பில் இருக்கும் ஃப்ரேம் கன்ட்ரோல், டியூரேஷன், சீக்வென்ஸ் மூன்றும் லிட்டில் எண்டியன், கெர்னலிலும் அவை எல்இ16 என்றுதான் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அதே ஃப்ரேமில் கொஞ்சம் தள்ளிப் போனால் ஸ்னாப் தலைப்புக்குள் ஈதர்டைப் (உள்ளே இருப்பது எந்த ப்ரோட்டோகால் என்று சொல்லும் எண்) வரும், அது பிக் எண்டியன். ஒரே பஃபரில் சில பைட் இடைவெளியில் வரிசை மாறுகிறது. அதனால் ஒவ்வொரு ஃபீல்டையும் பார்த்து இது யாருடையது, கம்பியுடையதா, சாதனத்துடையதா, சிபியு-வினுடையதா என்று கேட்க வேண்டும். வேறு சுருக்குவழி கிடையாது.

சரி, பிழை இருப்பதாகச் சந்தேகம். எங்கே ஆரம்பிப்பது? ஸ்வாப் போட்டுப் பார்க்கவா?

வேண்டவே வேண்டாம். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். மிப்ஸ் ரவுட்டர் பலகை ஒன்று, அதில் ஒரு யுஎஸ்பி ஈதர்நெட் டாங்கிள். லிங்க் வருகிறது, டிஎச்சிபி கேள்வி வெளியே போகிறது, பதில் மட்டும் மேலே ஏறவே இல்லை. நீளப் பிழைக் கணக்கு மட்டும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒன்று ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் சாதனம் நான்கு பைட்டில் ஒரு தலைப்பு வைக்கும், அதில் நீளம் இருக்கும், டிரைவர் அதை மாற்றாமல் அப்படியே படித்துக்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஸ்வாப்32 என்று ஒன்றைப் போட்டேன், ரவுட்டரில் ஓடிவிட்டது, அனுப்பிவிட்டேன். அடுத்த நாள் எக்ஸ்86-ல் அதே டாங்கிளை வைத்திருந்த சக ஊழியர் வந்து நின்றார். ஸ்வாப்32 எந்த மெஷினிலும் புரட்டும், எல்இ32_டு_சிபியு தேவைப்படும் மெஷினில் மட்டும் புரட்டும். அந்த வித்தியாசம் அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

எனவே முதல் வேலை வகையைத் திருத்துவது. சாதனமோ கம்பியோ தொடும் ஒவ்வொரு ஸ்ட்ரக்சரையும் எடுத்து, யு16, யு32 என்று இருப்பதை எல்இ16, எல்இ32 அல்லது பிஇ16, பிஇ32 என்று மாற்றுங்கள் (கோடில் முன்னால் இரண்டு அடிக்கோடு இருக்கும்). டேட்டாஷீட்டைப் பார்த்து மாற்றுங்கள், கோடைப் பார்த்து அல்ல. கோடில்தானே பிழை இருக்கிறது. அதன்பின் ஸ்பார்ஸை ஓடவிடுங்கள்.

ஸ்பார்ஸ் என்றால் என்ன? எப்படி ஓட்டுவது?

2003-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய சரிபார்ப்புக் கருவி. சி கம்பைலரைப் பொறுத்தவரை எல்இ32-ம் யு32-ம் ஒன்றுதான், கண்டுகொள்ளாது. ஸ்பார்ஸ் மட்டும் பிட்வைஸ் என்ற குறியைப் பார்த்து இரண்டையும் வேறு வேறு சாதியாக நடத்தும், கலப்பு நடந்தால் சத்தம் போடும்.

மேக் கட்டளையோடு சி=1 என்று கொடுத்தால் புதிதாகக் கம்பைல் ஆகும் கோப்புகளை மட்டும் பார்க்கும், சி=2 கொடுத்தால் எல்லாவற்றையும் பார்க்கும். எம்= என்று உங்கள் டிரைவர் கோப்புறையைக் காட்டிவிட்டால் நேரம் மிச்சம். பழைய கட்டுரைகளில் செக்_எண்டியன் என்று தனியாக ஒன்றை வரையறுக்கச் சொல்லியிருப்பார்கள், 4.10 கெர்னலிலிருந்து அது தேவையில்லை.

இந்த வகைகளில் என்னவெல்லாம் செய்யலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அண்ட், ஆர், எக்ஸ்ஆர், தலைகீழாக்கல், சமமா இல்லையா என்ற ஒப்பீடு, பூஜ்யமா என்ற சோதனை, இதெல்லாம் செய்யலாம், ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் இருந்தால் விடை சரியாகவே வரும். கூட்டல், ஷிஃப்ட், பெரிதா சிறிதா என்ற ஒப்பீடு கூடாது. புரண்டு கிடக்கும் எண்ணில் ஒன்றைக் கூட்டினால் தவறான பைட்டில் போய்க் கூடும்.

வகையை மாற்றியதும் மூன்று எச்சரிக்கை முப்பதாகிவிட்டது. நான் கெடுத்துவிட்டேனா?

இல்லை, இதுவரை மறைந்திருந்தது இப்போது தெரிகிறது. எச்சரிக்கைகள் பெரும்பாலும் இரண்டு வகைதான். "ரெஸ்ட்ரிக்டட் எல்இ32-க்கு காஸ்ட்" என்பது போன்றது ஒன்று, "அசைன்மென்டில் தவறான வகை, எதிர்பார்த்தது இது, வந்தது அது" என்பது மற்றொன்று. ஒவ்வொன்றிலும் மதிப்பு எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள். சாதனத்திலிருந்து நமக்கு வந்தால் எல்இ32_டு_சிபியு, நம்மிடமிருந்து சாதனத்துக்குப் போனால் சிபியு_டு_எல்இ32. இடையில் ஒரு லோக்கல் வேரியபிள் சில வரிகளில் சிபியு வரிசையையும் சில வரிகளில் சாதன வரிசையையும் சுமந்துகொண்டிருந்தால் அதை இரண்டு வேரியபிளாகப் பிரித்துவிடுங்கள். பிழை பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கும்.

ஃபோர்ஸ் என்று காஸ்ட் போட்டால் எச்சரிக்கை போய்விடுகிறதே?

எச்சரிக்கை போகும், பிழை போகாது. ஃபோர்ஸுக்கு நியாயமான இடங்கள் உண்டு, ஹாஷ் கணக்கிடும்போது வரிசை எதுவானாலும் பரவாயில்லை என்பது மாதிரி. டிரைவரில் அதைப் பார்த்தால் நான் முதலில் சந்தேகப்படுவேன். எச்சரிக்கையாவது அங்கே இருக்கட்டும், அடுத்தவர் வந்து பார்ப்பார்.

ரைட்எல்-க்குள் சிபியு_டு_எல்இ32 போட வேண்டுமா? ரெஜிஸ்டர் லிட்டில் எண்டியன் என்று டேட்டாஷீட் சொல்கிறதே.

வேண்டாம். ரெஜிஸ்டரைப் படிக்கும் ரீட்எல், எழுதும் ரைட்எல் இரண்டும் லிட்டில் எண்டியன் ரெஜிஸ்டருக்காகவே வரையறுக்கப்பட்டவை, தேவையான புரட்டலை உள்ளேயே செய்துவிடும், நீங்கள் கொடுப்பதும் பெறுவதும் சிபியு வரிசைதான். மேலே இன்னொன்று போட்டால் இரண்டு முறை புரண்டு பிக் எண்டியனில் மறுபடி தப்பாகிவிடும். எக்ஸ்86-ல் இரண்டுமே சும்மா இருப்பதால் யாருக்கும் தெரியாது. நல்லெண்ணத்தோடு செய்த திருத்தமே பிழையாவது இந்த இடத்தில்தான் அதிகம்.

ரெஜிஸ்டர் நிஜமாகவே பிக் எண்டியன் என்றால் ஐஓரீட்32பிஇ, ஐஓரைட்32பிஇ இருக்கின்றன. முன்னால் ரா என்று வரும் ரா_ரீட்எல் புரட்டாது, ஆனால் நினைவக வரிசைக்கும் அது உத்தரவாதம் தராது, ஆகவே புரட்டலைத் தவிர்க்க மட்டும் அதை எடுக்காதீர்கள்.

ஃபிஃபோ-விலிருந்து (பாக்கெட் வரிசையாகக் காத்திருக்கும் சாதனத்தின் பஃபர்) பாக்கெட் தரவை மொத்தமாக இழுக்கும் ஐஓரீட்32_ரெப் போன்றவையும் புரட்டாது, அது சரியானதே. பாக்கெட் தரவு என்பது எண் அல்ல, பைட்டுகளின் வரிசை, வந்தபடியே நினைவகத்தில் விழ வேண்டும். அதை விட்டுவிட்டு ரீட்எல்-ஐ லூப்பில் போட்டு ஒவ்வொரு யு32-ஆக பஃபரில் எழுதினால், பிக் எண்டியனில் நான்கு நான்கு பைட்டாகப் புரண்டு கிடக்கும். பாக்கெட்டைக் காட்டும் டிசிபிடம்ப்பில் பார்த்தால் எழுத்துகள் நாலெழுத்துக் கூட்டமாகத் திரும்பி நிற்பது கண்ணுக்கே தெரியும்.

டிஸ்க்ரிப்டரில் என்ன மாதிரிப் பிழைகள் வரும்?

முதலில் ஓன் பிட். அநேகச் சிப்களில் இது 31-வது பிட், இந்த டிஸ்க்ரிப்டர் இனி சாதனத்துடையது என்று சொல்வது. பிக் எண்டியன் மெஷினில் மாற்றாமல் எழுதினால் சாதனத்தின் கண்ணுக்கு அது 7-வது பிட்டில் இருக்கும். சாதனம் தனக்கு வேலை வரவில்லை என்று தூங்கும், சில நொடி கழித்து, பாக்கெட் போகிறதா என்று கண்காணிக்கும் நெட்டெவ் வாட்ச்டாக் வந்து டிரான்ஸ்மிட் க்யூ டைம்-அவுட் என்று கத்தும். லிங்க் இருக்கிறது, ஒரு பாக்கெட்கூடப் போகவில்லை, வாட்ச்டாக் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் நான் முதலில் டிஸ்க்ரிப்டரைத்தான் திறந்து பார்ப்பேன்.

இரண்டாவது கொஞ்சம் நுணுக்கமானது: அகலம் தப்பாவது. நீள ஃபீல்டு 16 பிட், எழுதியவர் பழக்கதோஷத்தில் சிபியு_டு_எல்இ32 என்று போட்டுவிட்டார். லிட்டில் எண்டியனில் ஒன்றும் ஆகாது. பிக் எண்டியனில் 00 00 05 14 என்பது 14 05 00 00 ஆகும், அதைப் 16 பிட்டுக்குள் திணிக்கும்போது கீழ்ப் பாதி மட்டும் நிற்கும், அதாவது பூஜ்யம். நீளமே இல்லாத பாக்கெட்! கோடை மேலோட்டமாகப் படிப்பவருக்கு மாற்றம்தான் போட்டிருக்கிறதே, சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஃபீல்டை எல்இ16 என்று அறிவித்திருந்தால் ஸ்பார்ஸ் பிடித்துவிடும்.

நிலையை மட்டும் சோதிக்க வேண்டுமானால் டிஸ்க்ரிப்டரைப் புரட்டாமல் மாறிலியைப் புரட்டுங்கள், அதாவது ஸ்டேட்டஸ் ஃபீல்டை சிபியு_டு_எல்இ32(ஓன் பிட்) என்பதோடு அண்ட் செய்யுங்கள். மாறிலி கம்பைல் நேரத்திலேயே புரண்டுவிடும், ஓடும்போது செலவு எதுவும் இல்லை.

விலான் 100 என்று போட்டால் எதிர்முனையில் விலான் 1024 என்று வருகிறது. ஏன்?

இந்த அறிகுறி எனக்குப் பிடித்தது, கணக்குப் போட்டால் அப்படியே வந்து நிற்கும். 100 என்பது ஹெக்ஸில் 00 64. புரட்டினால் 64 00. விலான் (ஒரே கம்பியில் பல தனி நெட்வொர்க்குகளைப் பிரிக்கும் டேக்) எண் என்பது 16 பிட்டில் கீழ் 12 பிட் மட்டும், ஆகவே 400 ஹெக்ஸ், அதாவது 1024. மேலே மிஞ்சிய பிட்டுகள் முன்னுரிமை 3 என்று வாசிக்கப்படும். விலான் 1024, முன்னுரிமை 3 என்று கண்டால் யாரோ 100-ஐப் புரட்டிவிட்டார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இங்கே குழப்பத்துக்குக் காரணம் உண்டு. எஸ்கேபி-யில் (கெர்னல் ஒரு பாக்கெட்டைச் சுமக்கும் ஸ்ட்ரக்சர்) விலான்_ப்ரோட்டோ பிஇ16, ஆனால் விலான்_டிசிஐ சாதாரண யு16, சிபியு வரிசை. பக்கத்துப் பக்கத்து ஃபீல்டுகள், வேறு வேறு சாதி. விலான் டேகைப் பதிக்கும் ஃபங்ஷனுக்கு முதலில் எச்டிஓஎன்எஸ் போட்ட ப்ரோட்டோகால், அடுத்து எதுவும் போடாத எண் என்று கொடுக்க வேண்டும்.

ரியல்டெக்கின் ஆர்8169 டிரைவரைப் பாருங்கள், அழகான பாடம் ஒன்று இருக்கிறது. அந்தச் சிப்பின் டிஸ்க்ரிப்டர் லிட்டில் எண்டியன், ஆனால் அதற்குள்ளிருக்கும் விலான் டேகின் இரண்டு பைட்டும் மட்டும் தலைகீழ். டிரைவர் முதலில் எல்இ32_டு_சிபியு போட்டு 32 பிட்டை எடுக்கிறது, அப்புறம் கீழ் 16 பிட்டை ஸ்வாப்16 செய்கிறது. பார்த்தவுடன் கை பரபரக்கும், இது என்டிஓஎச்எஸ் (எச்டிஓஎன்எஸ்-ன் எதிர்த்திசை) ஆக இருக்க வேண்டாமா என்று. கூடாது. 32 பிட் ஏற்கெனவே சிபியு வரிசைக்கு வந்துவிட்டது, உள்ளே இரண்டு பைட் இடம் மாறியிருப்பது எந்த மெஷினிலும் அப்படியேதான் இருக்கும், ஆகவே எந்த மெஷினிலும் புரட்டத்தான் வேண்டும். என்டிஓஎச்எஸ் பிக் எண்டியனில் சும்மா இருந்துவிடும். மேலே என் ரவுட்டர் கதையில் ஸ்வாப்32 தப்பு, இங்கே ஸ்வாப்16 சரி.

மேக் முகவரி தலைகீழாக வருகிறது.

மேக் முகவரி ஆறு பைட் அரே, அதற்கு வரிசைச் சண்டையே கிடையாது. சண்டை ரெஜிஸ்டரிலிருந்து எடுக்கும்போது வருகிறது. முகவரி பஃபரை யு32 பாயின்டராக காஸ்ட் செய்து ரீட்எல் விடையை அதில் கொட்டியிருப்பார்கள். லிட்டில் எண்டியனில் பைட்டுகள் தற்செயலாகச் சரியான இடத்தில் உட்காரும், பிக் எண்டியனில் முதல் நான்கு பைட் புரண்டுவிடும். புட்_அன்அலைன்ட்_எல்இ32 கொண்டு முதல் நான்கையும், புட்_அன்அலைன்ட்_எல்இ16 கொண்டு அடுத்த இரண்டையும் ஒரு லோக்கல் அரேயில் எழுதி, பிறகு ஈத்_எச்டபிள்யூ_ஆடர்_செட் கூப்பிடுங்கள். அலைன்மென்ட் தொல்லையும் இதிலேயே தீர்ந்துவிடும்.

யுஎஸ்பி டிரைவருக்குத் தனியாக ஏதாவது உண்டா?

உண்டு. யுஎஸ்பி_கன்ட்ரோல்_எம்எஸ்ஜி-க்கு நீங்கள் கொடுக்கும் வேல்யூ, இண்டெக்ஸ் எல்லாம் சிபியு வரிசையில் கொடுத்தால் போதும், உள்ளே அதுவே மாற்றிக்கொள்ளும். தரவு பஃபரை அது தொடாது, அது உங்கள் பொறுப்பு. ஆகவே ரெஜிஸ்டர் படித்தால் எல்இ32 வேரியபிளில் வாங்கி மாற்றிக் கொடுங்கள்.

அடிக்கடி பார்க்கும் இன்னொன்று: ஒரே ஒரு பைட் படிக்க வேண்டும், ஆனால் யு32 வேரியபிளின் முகவரியைக் கொடுத்துவிடுவது. லிட்டில் எண்டியனில் அந்தப் பைட் கீழே விழுந்து எண் சரியாக இருக்கும், பிக் எண்டியனில் மேலே போய் உட்கார்ந்து 5 என்பது எட்டு கோடிக்கு மேல் ஆகும். ஸ்பார்ஸுக்கு இது தெரியாது, பாயின்டர் வாய்டாகப் போய்விட்டது. இதே குடும்பத்தில் இன்னொரு உருப்படி, யு32-ஐ அன்சைன்ட் லாங் பாயின்டராக காஸ்ட் செய்து ஃபார்_ஈச்_செட்_பிட் ஓட்டுவது, 64 பிட் பிக் எண்டியனில் வேறு பாதியைப் படித்துக்கொண்டிருக்கும்.

ஸ்ட்ரக்சரில் பிட்ஃபீல்டு இருக்கிறது. அதற்கு எந்த மாற்றி?

எதுவும் இல்லை. பிட்ஃபீல்டை எந்தப் பக்கத்திலிருந்து நிரப்புவது என்பது கம்பைலரின் இஷ்டம், வழக்கத்தில் அது பைட் வரிசையோடு சேர்ந்து புரளும். ஐபி தலைப்பில் வெர்ஷனையும் நீளத்தையும் இரண்டு விதமாக அறிவித்து இஃப்டெஃப் போட்டிருப்பது அதனால்தான். டிரைவரில் அதைப் பின்பற்றாதீர்கள். முழு எல்இ32-ஆக வைத்துக்கொண்டு ஜென்மாஸ்க், எல்இ32_கெட்_பிட்ஸ், எல்இ32_என்கோட்_பிட்ஸ் வைத்து எடுங்கள், போடுங்கள்.

எச்டிஓஎன்எஸ் இருக்க வேண்டிய இடத்தில் என்டிஓஎச்எஸ் இருக்கிறது. ஓடுகிறதே, மாற்ற வேண்டுமா?

இரண்டும் செய்வது ஒரே வேலை, ஆகவே ஓடும். மாற்றுங்கள், ஆனால் பிழை திருத்தம் என்று சொல்லாதீர்கள், பெயர் திருத்தம்தான். இதை நிரூபிக்க எளிய வழி, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பிக் எண்டியனுக்கு ஒருமுறை, லிட்டில் எண்டியனுக்கு ஒருமுறை கம்பைல் செய்து ஆப்ஜெக்ட் கோடை ஒப்பிடுவது. மாறவில்லை என்றால் குறிப்பு மாற்றம் (பெயரும் வகையும் மட்டும் மாறுவது) மட்டுமே. குறிப்பு மாற்றம் என்று நினைத்துச் செய்ததில் கோடு மாறியிருந்தால், ஒன்று உண்மையான பிழை கிடைத்திருக்கிறது, அல்லது நீங்கள் ஒன்றைப் புதிதாகச் செய்திருக்கிறீர்கள். எதுவென்று பார்க்காமல் தூங்கப் போகாதீர்கள்.

எல்இ32_டு_சிபியுஎஸ் என்று இடத்திலேயே புரட்டுவது வசதியாக இருக்கிறதே?

வசதிதான். ஆனால் அந்த வரிக்கு முன்னால் ஒரு வரிசை, பின்னால் வேறு வரிசை, வேரியபிளின் வகை மட்டும் மாறாது. மறுமுயற்சி லூப்பில் இன்னொருமுறை அந்த வரி ஓடினால் திரும்பப் புரண்டுவிடும். பழைய யுஎஸ்பி டிரைவர்களில் நிறையப் பார்க்கலாம், புதிதாக எழுதுவதில் தவிர்த்துவிடுங்கள்.

சாதனத்திலேயே புரட்டும் பிட் இருந்தால்?

பிராட்காமின் டிஜி3 ஈதர்நெட் டிரைவரின் சிப் அப்படித்தான். பிக் எண்டியன் மெஷின் என்றால் டிரைவர் சிப்பிடமே புரட்டிக்கொள் என்று ஒரு பிட்டை ஏற்றிவிடும், அதனால் அதன் டிஸ்க்ரிப்டர்கள் வெறும் யு32-ஆக இருக்கின்றன, அது சரியே. அங்கே போய் எல்இ32 போட்டுத் திருத்தினால் ஓடுகிறதைக் கெடுத்தவர் நீங்கள். திருத்துவதற்கு முன் இனிஷியலைஸ் செய்யும் பகுதியில் ஸ்வாப் என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள்.

விர்ட்டியோ?

விர்ட்டியோ என்பது மெய்நிகர் மெஷின்களுக்கான சாதன முறை. பழைய விர்ட்டியோவில் விருந்தாளி மெஷினின் வரிசை எதுவோ அதுவே, 1.0-லிருந்து எப்போதும் லிட்டில் எண்டியன். இரண்டையும் ஒரே டிரைவர் ஆதரிப்பதால் விர்ட்டியோ16 என்று தனி வகை, எந்த வரிசை என்பது ஓடும்போது வெர்ஷன் 1 ஃபீச்சர் பிட்டைப் பார்த்து முடிவாகும். எல்இ16 என்று நேரடியாகப் போடாதீர்கள்.

செக்சம்மும் புரட்ட வேண்டுமா?

ஐபி செக்சம்மின் கணக்கே வரிசையைச் சாராதது, 1988-ல் வந்த ஆர்எஃப்சி 1071 இதை விளக்குகிறது. பைட் புரண்டபடியே கூட்டினால் விடையும் புரண்டபடியே வரும், அப்படியே எழுதினால் சரியான இடத்தில் விழும். தனி சாதன ரெஜிஸ்டரிலிருந்து செக்சம் எடுத்தால் மட்டும் யோசிக்க வேண்டும்.

என்னிடம் பிக் எண்டியன் மெஷின் இல்லை. எப்படிச் சோதிப்பது?

க்யூஎம்யு என்ற எமுலேட்டர் போதும். டெபியன், உபுண்டுவில் பவர்பிசி64, எஸ்390எக்ஸ், மிப்ஸுக்கான குறுக்குக் கம்பைலர்கள் பொதியாகவே கிடைக்கின்றன. பிசிஐ கார்டு என்றால், க்யூஎம்யு அந்தக் கார்டை எமுலேட் செய்தால் அதிர்ஷ்டம், இ1000 மாதிரி. மிப்ஸ் மால்டா பலகையிலும், பவர்பிசி-யின் பிசீரிஸ் மெஷினிலும் அதைப் பொருத்தலாம்.

யுஎஸ்பி டாங்கிள் என்றால் இன்னும் சுகம், இது பலருக்குத் தோன்றுவதில்லை. உங்கள் லேப்டாப்பில் நிஜ டாங்கிளைச் செருகி, யுஎஸ்பி-ஹோஸ்ட் வழியாக எமுலேட் ஆகும் பிக் எண்டியன் மெஷினுக்குள் அனுப்பிவிடுங்கள். வேகம் ஆமைதான், ஆனால் நிஜ வன்பொருள், நிஜ பிக் எண்டியன் கெர்னல். பிங் போகிறதா, 1300 பைட் பிங் போகிறதா, விலான் போகிறதா, மேக் முகவரி சரியா, வடிகட்டிகள் வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கடைசியில் சொன்னதை மறந்துவிடுவார்கள்: ஈத்டூல் கட்டளையின் வடிகட்டி விதியில் வரும் ஐபி முகவரியும் போர்ட் எண்ணும் பிஇ வகை, போர்ட் 80-க்கு விதி போட்டு அது 20480-க்கு வேலை செய்துகொண்டிருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கெர்னல் லாகில் ஐபி முகவரியை அச்சிடும்போது கையால் ஷிஃப்ட் செய்யாமல் பிஐ4 என்ற பிரின்ட்கே வடிவத்தைப் பயன்படுத்துங்கள். பிழை தேடப் போட்ட பிரின்டே பொய் சொன்னால் அந்த நாள் போச்சு.

இந்தப் புரட்டல்களால் வேகம் குறையாதா?

பெரும்பாலான சிபியு-க்களில் ஒரே கட்டளை, பவர்பிசி-யில் படிக்கும்போதே புரட்டிப் படிக்கத் தனிக் கட்டளை இருக்கிறது. டிஎம்ஏ-வும் கேஷும் தின்னும் நேரத்தின் முன்னால் இது கண்ணுக்குத் தெரியாது.

பேட்ச்சை எப்படி அனுப்புவது?

உண்மையான பிழைத் திருத்தத்தையும் வகைக் குறிப்பு மாற்றத்தையும் தனித்தனிப் பேட்ச்சாகப் பிரியுங்கள். பிழைத் திருத்தம் நெட் மரத்துக்கு (நடப்பு கெர்னலுக்கான திருத்தங்கள் சேரும் இடம்), பிழையைக் கொண்டுவந்த கமிட்டைக் காட்டும் ஃபிக்ஸஸ் வரியோடு. வெறும் குறிப்பு மாற்றம் நெட்-நெக்ஸ்டுக்கு (அடுத்த வெளியீட்டுக்கான மரம்), ஃபிக்ஸஸ் வரி வேண்டாம். "ஸ்பார்ஸ் எச்சரிக்கையைச் சரிசெய்கிறேன்" என்று மட்டும் எழுதினால், பிக் எண்டியனில் இது உடைந்திருந்ததா இல்லையா என்று கேள்வி திரும்பி வரும், அதனால் எந்த மெஷினில் என்ன ஆகும், நிஜமாக ஓட்டிப் பார்த்தீர்களா, கம்பைல் மட்டுமா என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள். கம்பைல் மட்டும் என்றால் அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. முப்பது எச்சரிக்கையையும் ஒரே பேட்ச்சில் மூட்டை கட்டாதீர்கள், ஒன்று தப்பாகிப் பின்வாங்க வேண்டி வந்தால் சரியான இருபத்தொன்பதும் கூடவே போய்விடும்.